காபி வேண்டாம் என்று சொன்ன பரீட்சை

சனிக்கிழமை காலை ஆறே முக்கால் பஸ்ஸை விட்டால் எனக்கு அன்றைக்கு இத்தாலியன் வகுப்பு கிடையாது. சேந்தமங்கலத்தில் ஏறி, ராசிபுரத்தில் மாறி, சேலம் பஸ் ஸ்டாண்டில் இன்னொரு முறை மாறி, ஒன்பதரைக்குள் பல்கலைக்கழக வாசலில் இறங்க வேண்டும். பஸ்ஸில் இடம் கிடைத்ததும் நான் செய்யும் முதல் வேலை கைப்பையைத் திறந்து பார்ப்பது. புத்தகம் இருக்கிறதா, அடையாள அட்டை இருக்கிறதா, வீட்டுச் சாவி என்னோடு வந்துவிட்டதா. இரண்டாவது வேலை, பாப்பாவின் காய்ச்சல் மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது என்று அத்தைக்குப் போன் செய்து சொல்வது. என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

"புள்ளைக்குக் காச்சலே இல்லையே கண்ணு" என்பார் அத்தை.

"இல்லீங்க அத்தை. வந்துச்சுன்னா."

"வந்துச்சுன்னா பாத்துக்கலாம். நீ மொதல்ல ஊரு போய்ச் சேரு."

ஆறு மாதம் இப்படித்தான் போனது. முப்பது வயதைத் தொடப்போகிற நேரத்தில், மூன்று வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு, இதுவரை வரைபடத்தில் மட்டும் பார்த்திருந்த ஒரு நாட்டின் மொழியை நான் படிக்கப் போனதற்குக் காரணம் என் வீட்டுக்காரர். அவர் தறி மெஷின் இன்ஜினியர். எடப்பாடி, பள்ளிபாளையம் பக்கம் வெளிநாட்டுத் தறி எது நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் தறிகளைச் செய்கிற இத்தாலிக் கம்பெனி மூன்று வருடத்துக்கு அவரை அங்கேயே வேலைக்கு எடுத்துக்கொண்டது. அவர் முதலில் கிளம்பிப் போனார். குடும்பத்தையும் கூட்டி வரலாம், வீடு தருகிறோம் என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை. மனைவி அந்த மொழியில் தொடக்கநிலைச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். பால் வாங்கவும் டாக்டரிடம் காட்டவும் புருஷன் லீவு போட்டு வரக்கூடாது என்பது அவர்கள் கணக்கு.

சேலத்துப் பல்கலைக்கழகத்தில் அந்தச் சான்றிதழ் வகுப்பு இருந்தது. பாஸ் செய்தால் ஜூனுக்கு முன்னால் நானும் பாப்பாவும் கிளம்பிவிடலாம். இல்லையென்றால் அடுத்த வகுப்பு வரும்வரை இன்னொரு வருடம். பாப்பா இங்கே எல்கேஜி சேர்ந்துவிடுவாள், அப்பாவைப் போனில் மட்டும் பார்த்து நாலு வயது முடிந்துவிடும். ஏற்கெனவே அவள் போனை மேசையில் சாய்த்து வைத்து, அதற்கு முன்னால் ஒரு இட்லியை வைத்து, "அப்பா, தின்னு" என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். அவர் அங்கே வாயைத் திறந்து மூடிக் காட்டுவார். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

வகுப்பில் பதினொரு பேர். பாதிப்பேர் நர்சிங் முடித்த பெண்கள். எல்லோரும் என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர்கள், எதையும் ஒருமுறை கேட்டதும் திருப்பிச் சொல்லிவிடுவார்கள். எனக்குப் பக்கத்து நாற்காலி எடப்பாடியில் துண்டு, போர்வை ஏற்றுமதி செய்கிற ஒரு அண்ணனுக்கு. ஐம்பது வயதிருக்கும். இத்தாலியில் இருக்கிற ஒரு வியாபாரியோடு இத்தனை வருடமாக இங்கிலீஷில் மல்லுக்கட்டிச் சலித்துப்போய் வந்து சேர்ந்திருந்தார்.

"அவனுக்கும் இங்கிலீஷ் தெரியாது, எனக்கும் தெரியாதுங்க அம்மிணி. ரெண்டு பேரும் தெரிஞ்ச மாதிரியே பத்து வருசம் ஏவாரம் பண்ணிட்டோம்" என்றார் முதல் நாள்.

டீச்சர் ஆத்தூர்க்காரர். பதினைந்து வருடம் இத்தாலியில் இருந்துவிட்டுத் திரும்பியவர். தப்பாகச் சொன்னால் திட்டமாட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எடப்பாடி அண்ணன் வாயைத் திறந்தாலே கண்ணாடி பளபளவென்று ஆகிவிடும். நான் தப்பே சொன்னதில்லை, ஏனென்றால் நான் வாயையே திறக்கவில்லை. சரியா தப்பா என்று மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்து, மூன்றாவது தடவை சரிபார்ப்பதற்குள் பக்கத்து நர்ஸ் பெண் பதிலைச் சொல்லி முடித்திருப்பாள்.

"உனக்குத் தெரியும்மா. ஏன் சொல்ல மாட்டேங்கற?" என்று டீச்சர் ஒருநாள் கேட்டார்.

"தப்பாயிருச்சுன்னா டீச்சர்?"

"ஆனா என்ன, இத்தாலி ஒடஞ்சு போயிருமா?"

வீட்டில்தான் சத்தமாகப் படித்தேன். பாப்பா மத்தியானம் தூங்கும் ஒன்றரை மணி நேரம் எனக்கு. அதில் பாதியை அவள் சரியாக மூச்சு விடுகிறாளா என்று எட்டிப் பார்ப்பதில் கழிப்பேன். மீதி நேரத்தில் வீட்டுக்காரருக்குப் போன் செய்து பேசிப் பழகுவேன். ஆமாம் என்பதற்கு அந்த மொழியில் 'சீ' என்று சொல்ல வேண்டும். நான் ஐந்து நிமிடம் சீ, சீ என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்ட அத்தை, போனை வைத்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏங்கண்ணு, அவன் அங்க ஒண்டியாக் கெடக்கறான். என்னதான் கோவம்னாலும் அப்படியெல்லாம் பேசலாமா?"

விளக்கிச் சொன்ன பிறகும் அவருக்கு முழுத் திருப்தி இல்லை.

நாலாவது மாதத்தில் ஒரு சனிக்கிழமை பாப்பாவின் நெற்றி லேசாகச் சுட்டது. வகுப்பைத் தவறவிட்டால் வருகைக் கணக்கு குறையும், குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அத்தை அனுப்பினார். ராசிபுரம் வரை போனேன். சேலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பஸ் நகரும்போது இறங்கிவிட்டேன். கண்டக்டர் என்னமோ சொன்னார், காதில் விழவில்லை. திரும்பி வீட்டுக்குள் ஓடினால், பாப்பா முட்டைப் பொரியலை இரண்டு கையாலும் தின்றுகொண்டு டிவி பார்த்துக்கொண்டிருக்கிறாள். நெற்றி சில்லென்று இருந்தது.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "வந்ததுதான் வந்த, அந்தத் துணியச் சித்தெ மடிச்சு வெய்யி" என்றார்.

மடித்தேன். போயிருக்கலாமோ என்று ஒவ்வொரு துணிக்கும் ஒருமுறை நினைத்தேன். போயிருந்தால் வந்திருக்கலாமோ என்று நினைத்திருப்பேன். அது எனக்கே தெரியும்.

அந்த ஒரு நாள் போயும் வருகைக் கணக்கு மயிரிழையில் தேறியது. எழுத்துப் பரீட்சை நன்றாக எழுதினேன். அதில் யோசிக்க நேரம் இருந்தது. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை வாய்மொழித் தேர்வு. பெரிய திரையில் இத்தாலியிலிருந்து ஒரு அம்மா பேசுவார், அவர்தான் மார்க் போடுவார். நம் டீச்சர் மூலையில் உட்கார்ந்திருக்கலாம், வாயைத் திறக்கக்கூடாது. முதல் பகுதியில் ஒரு சீட்டு எடுக்க வேண்டும். அதில் ஒரு சந்தர்ப்பம் எழுதியிருக்கும், அதை அந்த அம்மாவோடு நடித்துப் பேச வேண்டும். இரண்டாவது பகுதியில் நாம் அவரிடம் ஏதாவது கேட்டுப் பேச்சை நடத்த வேண்டும். இரண்டும் சேர்த்துப் பாதிக்கு மேல் வந்தால் பாஸ்.

எனக்கு முன்னால் போன எடப்பாடி அண்ணனுக்கு ரயில்வே ஸ்டேஷன் வந்ததாம். வெளியே வந்தவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மூணு டிக்கெட்டு வாங்கிட்டேன் அம்மிணி. எந்த ஊருக்குன்னுதான் தெரியல."

நான் சீட்டைப் பிரித்தேன். 'நண்பர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறீர்கள்.' எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. புத்தகத்தில் எனக்கு மனப்பாடமான பாடம் அது. காபியில் சர்க்கரை எத்தனை, பால் சூடாக வேண்டுமா, கேக் ரொம்ப நன்றாக இருக்கிறது, நீங்களே செய்ததா, எங்கே கற்றுக்கொண்டீர்கள். நாற்பது வாக்கியம் கையில் இருந்தது.

திரையில் இருந்த அம்மாவுக்கு என் அம்மா வயதிருக்கும். நரைத்த முடியை ஏற்றிக் கட்டியிருந்தார். வாருங்கள், உட்காருங்கள் என்று சிரித்தார். பிறகு கேட்டார்: காபி வேண்டுமா?

"நோ, க்ராட்ஸியே" என்றேன். வேண்டாம், நன்றி.

அதை நான் யோசித்துச் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து எந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினாலும், காபி குடிக்கிறீர்களா என்று கேட்டால் "வேண்டாங்க, இப்பத்தான் குடிச்சுட்டு வந்தனுங்க" என்றுதான் சொல்லியிருக்கிறேன். குடிக்காமல் வந்திருந்தாலும் அப்படித்தான். கேட்டதும் கொடுங்கள் என்று சொன்னால் அதற்காகவே வந்தது போல ஆகிவிடும். கேட்கிறவர்களுக்கும் இது தெரியும். இரண்டாவது தடவை கேட்பார்கள், அதற்கும் வேண்டாம். மூன்றாவது தடவை, கொஞ்சமாவது என்பார்கள். அதற்கு 'அட, எதுக்குங்க' என்று நாம் இழுக்கும்போதே டம்ளர் கைக்கு வந்துவிடும்.

அப்படியென்றால் கேக்? என்று கேட்டார் அந்த அம்மா.

எவ்வளவு அழகாகக் கூப்பிடுகிறார் என்று தோன்றியது. "நோ, க்ராட்ஸியே."

பழம்?

"நோ, க்ராட்ஸியே" என்று சொல்லிவிட்டு, கூச்சத்தோடு சிரித்தேன். மூன்று ஆகிவிட்டது. இனி அவர் விடமாட்டார். நான் டம்ளருக்குக் காத்திருந்தேன்.

அவர், சரி என்றார். தாளில் என்னமோ எழுதினார். அடுத்த பகுதிக்குப் போகலாம் என்றார்.

மூலையில் டீச்சர் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிடம்தான் ஓடியிருந்தது. நாற்பது வாக்கியமும் அப்படியே இருந்தன. சர்க்கரை இல்லை, பால் இல்லை. வேண்டாம் என்று சொல்பவளிடம் அதற்கு மேல் என்ன கேட்பார்கள்? போனுக்கு முன்னால் பாப்பா வைக்கிற இட்லி நினைவுக்கு வந்தது. அது வரக்கூடாத நேரத்தில் வந்தது.

இனி நீங்கள் கேளுங்கள் என்றார் அந்த அம்மா. உங்கள் பெயர் என்ன, எங்கே வசிக்கிறீர்கள், என்ன வேலை என்று மூன்று கேள்விகள் தயார் செய்திருந்தேன். பெயர் திரையிலேயே எழுதியிருந்தது. ஒரு கேள்வி போயிற்று. அப்போது அவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு தண்ணீர் குடித்தார். இங்கே பதினொரு மணி என்றால் அங்கே காலை ஏழரை. ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டேன். அது புத்தகத்தில் இல்லாத வாக்கியம். என் வீட்டுக்காரரும் நானும் தினமும் போனில் பேச்சைத் தொடங்குகிற வாக்கியம். அதை மட்டும் இத்தாலியனில் எப்படிக் கேட்பது என்று அவரிடமே கற்று வைத்திருந்தேன்.

அந்த அம்மா நிமிர்ந்தார். இல்லை, இன்னும் இல்லை என்றார்.

"ஏன்?"

வேலை, என்று தாள்களைக் காட்டினார்.

அதற்கப்புறம் நான் எதையும் மனதுக்குள் சொல்லிப் பார்க்கவில்லை. நேரம் இல்லை, ஒருத்தர் வெறும் வயிற்றோடு இருக்கிறார். அது நல்லதில்லை என்றேன். எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்றேன். வீட்டில் முட்டை இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் கோழி நிறைய, முட்டை ரொம்ப நிறைய. இரண்டு முட்டை சாப்பிடுங்கள்.

அவர் சிரித்தார். "நோ, க்ராட்ஸியே."

"ஒரு முட்டை."

"நோ, க்ராட்ஸியே."

"அரை முட்டை?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் விடவில்லை. பால் இருக்கிறது, வாழைப்பழம் இருக்கிறது, சோறு இருக்கிறது, சோற்றுக்குத் தயிர் இருக்கிறது. என் மாமியார் நன்றாகச் சமைப்பார். என் மகள் சின்னவள், ஆனால் உங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து தருவாள், பாதியைக் கீழே ஊற்றிவிடுவாள். மன்னிக்க வேண்டும். கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். கொஞ்சமே கொஞ்சம்.

"சீ" என்றார் அவர். "சீ, க்ராட்ஸியே."

அப்பாடா என்று தமிழில் சொல்லிவிட்டேன். வழக்கம் என்பதற்கு எனக்கு வார்த்தை தெரியாது. விரலை மடக்கிக் காட்டினேன். எங்கள் வீடுகளில் ஒரு வேண்டாம், இரண்டு வேண்டாம், மூன்று வேண்டாம், பிறகு சரி.

அவர் என் விரல்களைப் பார்த்தார். குனிந்து தாளைப் பார்த்தார். அப்படியானால் அந்தக் காபி? என்று கேட்டார்.

"வேண்டும்" என்றேன். "இரண்டு சர்க்கரை."

சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். அந்தப் பகுதி முடிந்துவிட்டது, எழுதியதை மாற்ற முடியாது என்று மெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். புரிந்துவிட்டது.

வெளியே வந்ததும் டீச்சர் பின்னாலேயே வந்தார். "ஏம்மா, அந்தக் காபியக் குடிச்சிருந்தா கொறஞ்சா போயிருப்ப?"

"மொதத் தடவையே எப்படிங்க டீச்சர் சரின்னு சொல்றது?"

எடப்பாடி அண்ணன் நடந்ததைக் கேட்டுவிட்டு, "ஸ்கிரீனுக்குள்ள இருக்கற காபிக்கே இத்தனை கூச்சமா அம்மிணி?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்தார். "ஆனா எனக்கு அந்தச் சீட்டு வந்திருந்தாலும் இதேதான் ஆயிருக்கும்" என்றார்.

வீட்டில் முதலில் பொய் சொன்னேன். நல்லாச் செய்தேன் என்றேன். அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அத்தை என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்குக் கோபம் அந்த அம்மா மேல் வந்தது.

"வேண்டாம்னுதான் சொல்லோணும். அது நம்ம மருவாதி. வேண்டாம்னா அப்படியே உட்டுர்றதா? ஊட்டுக்கு ஒறம்பரை வந்தா ஒரு வாய் கட்டாயப்படுத்திக் குடுக்கத் தெரியாதவீங்க என்ன பரிச்சை வெக்கறாங்க?"

"அங்க பழக்கம் அப்படிங்க அத்தை."

"நெம்ப நல்ல பழக்கம்" என்று முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"இங்க வந்த மொத வாரம், கூட வேலை செய்யறவர் ஊட்டுக்கு விருந்துக்குப் போனேன்" என்றார். "பெரிய தட்டு நிறையக் கொண்டாந்து வெச்சாங்க. கூச்சப்பட்டுக் கொஞ்சூண்டுதான் எடுத்தேன். இன்னும் போடட்டுமான்னு கேட்டாங்க. வேண்டாம்னேன். தட்டையே எடுத்துட்டுப் போயிட்டாங்க புள்ள. ரூமுக்கு வந்து ரெண்டு முட்டைய அவிச்சுத் தின்னுட்டுப் படுத்தேன்."

"ஏனுங்க, இதை ஏன் முன்னாடியே எங்கிட்டச் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு."

பன்னிரண்டு நாள் காத்திருந்தோம். அந்தப் பன்னிரண்டு நாளில் எல்கேஜி விண்ணப்பத்தை வாங்கி நிரப்பினேன். விசா விண்ணப்பத்தையும் நிரப்பினேன். இரண்டையும் கொடுக்கவில்லை. எல்கேஜி படிவத்தில் தகப்பனார் கையெழுத்து என்ற இடத்தைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு காபிக்கு ஆமாம் என்று சொல்லியிருக்கலாம் என்று தோன்றும். ஒரு வார்த்தை. ஒரு வருடம்.

பதின்மூன்றாம் நாள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது டீச்சர் கூப்பிட்டார்.

"பாஸ்மா."

"யாருங்க டீச்சர்?"

"நீதான். ஓரல்ல மொதப் பகுதி சுத்தமாக் கவுந்துருச்சு. ரெண்டாவது பகுதி முழு மார்க். தட்டுத் தடுமாறிக் கரை ஏறிட்ட."

"பேரு ஒருதடவ பாத்துச் சொல்லுங்க டீச்சர். எம்பேருதானுங்களா?"

"உம்பேருதாம்மா."

"நம்பரும்?"

"நம்பரும். உங்க எடப்பாடி அண்ணனும் பாஸ். போனை வெய்யி, அவருக்குச் சொல்லணும்."

கீழே அத்தை அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பாப்பா எடுத்த நாரையெல்லாம் திரும்பக் காயோடு கலந்துகொண்டிருந்தாள்.

"பாஸ் பண்ணிட்டனுங்க அத்தை."

"நல்லதாப் போச்சு சாமி" என்றார். முகம் மலர்ந்துதான் இருந்தது. நாலைந்து காய் நார் எடுத்தார். "அங்க குளுரு எச்சுன்னு சொன்னான். புள்ளைக்குக் காதுக்குத் துணி கட்டாம வெளிய உடாத."

"சரிங்க அத்தை."

"ஏங்கண்ணு, எனக்கும் அந்த பாஷைல ரெண்டு வார்த்தை சொல்லிக் குடுத்துட்டுப் போ. இவ அங்க போயி நாலு மாசத்துல அதுலயே பேச ஆரம்பிச்சுருவா. போன்ல நான் பேந்தப் பேந்த முழிக்கறதா?"

அந்த மத்தியானமே ஆரம்பித்தோம். அத்தை என்னைப் போல இல்லை. தப்பாக இருந்தாலும் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். பாப்பா திருத்தினாள்.

மறுநாள் விசாவுக்குப் போட்டோ எடுக்க நாமக்கல் போனோம். பாப்பாவுக்குப் புது கவுன், அத்தைக்கு நல்ல சேலை, அவர் போட்டோவில் வரப்போவதில்லை என்றாலும். சிரிக்கக்கூடாது, வாய் மூடியிருக்க வேண்டும், பல் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஸ்டூடியோக்காரர் சொன்னார். "அப்பாகிட்டப் போறோம், ஆடாம உக்காரு கண்ணு" என்று நான் சொல்லித் தொலைத்தேன். அவள் உடனே காது வரை சிரித்தாள். முதல் படம் வீண். இரண்டாவது படத்தில் நாக்கு தெரிந்தது. மூன்றாவதில், சிரிக்காதே என்று காமிராவுக்குப் பின்னால் நின்று கண்ணை உருட்டிய அத்தையைப் பார்த்து, நாற்காலியிலிருந்து வழுக்கி விழுகிற அளவுக்குச் சிரித்தாள்.

"அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றார் ஸ்டூடியோக்காரர் அத்தையிடம். அத்தை போனார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டதால் என்னையும் போகச் சொன்னார்.

நாங்கள் இருவரும் வாசலில் வெயிலில் நின்றோம். தனியாக விட்டுவிட்டோமே, பயந்துவிடுவாளோ என்று நான் கதவு இடுக்கில் பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லோரும் தன்னை விட்டுவிட்டு எங்கே போனார்கள் என்ற கோபத்தில், வாயை இறுக்கி மூடிக்கொண்டு, அவள் காமிராவை முறைத்தாள். அந்தப் படத்தைத்தான் விண்ணப்பத்தில் ஒட்டினேன்.